18 முறை நடந்த கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஒரு வருடமாக ஒரு தியான அமைப்புக்குப் போய் வருகிறான். முதல் தீட்சை வாங்கிய நாளிலிருந்து, அங்கே நடக்கும் எதையும் வீட்டில் சொல்லக்கூடாது என்கிறான். இரண்டாம் தீட்சைக்கு ஒன்றரை லட்சம் கட்ட வேண்டுமாம். கையில் இல்லாததால் பர்சனல் லோனுக்கு அலைகிறான். "இதெல்லாம் குரு வைக்கும் சோதனை. ராமானுஜரையே 18 முறை நடக்க வைத்தார்கள். சந்தேகப்படுகிறவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்" என்று எங்களுக்கே பாடம் எடுக்கிறான். அம்மா சாப்பாடு இறங்காமல் கிடக்கிறார். நாங்கள் சந்தேகப்படுவது தவறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: தவறே இல்லை. கடன் வாங்கியாவது கட்டு என்கிற இடத்தைச் சந்தேகிப்பதற்கு நாத்திகராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் தம்பிக்குச் சொன்ன ராமானுஜர் கதையையே முழுதாகக் கேட்டால் போதும். அவருக்கு அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

ராமானுஜர் வைணவ சம்பிரதாயத்துக்குள் வந்தது, அந்த 18 நடை நடந்த திருக்கோஷ்டியூரில் அல்ல, மதுராந்தகத்தில். வைணவ ஆசாரியர் ஆளவந்தாரைச் சேவிக்க ஆசையோடு ஸ்ரீரங்கம் போனவருக்கு அவருடைய உயிர் பிரிந்த திருமேனியைத்தான் பார்க்கக் கிடைத்தது. பிறகு ஒரு நாள் ராமானுஜர் காஞ்சியிலிருந்து தெற்கே வர, அவரை அழைத்துப் போக ஆளவந்தாரின் சீடர் பெரிய நம்பி ஸ்ரீரங்கத்திலிருந்து வடக்கே வர, இருவரும் மதுராந்தகத்தில் எதிரெதிரே சந்தித்தார்கள். காஞ்சிக்குப் போய் வரதர் சன்னதியில் தீட்சையைச் செய்துகொள்ளலாமே என்றார் பெரிய நம்பி. ராமானுஜர் ஒப்பவில்லை. ஆளவந்தார் விஷயத்தில் தாமதம் என்ன செய்தது என்று அவர் பார்த்திருந்தார். அன்றே, ஏரிகாத்த ராமர் கோயிலில், மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் என்ற வைணவ தீட்சை நடந்தது என்று ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை சொல்கிறது. சோதனையும் இல்லை, நிலை ஒன்று நிலை இரண்டு என்று படிக்கட்டும் இல்லை. வந்தவரின் தவிப்பைக் கண்டு ஆசாரியர் இறங்கி வந்தார்.

இன்றும் அந்தச் சடங்கு ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். குளித்து, சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராக ஆசாரியர் முன்னால் அழைப்பார்கள். ஹோமத் தீயில் காய்ந்த சக்கரத்தை வலது தோளிலும் சங்கை இடது தோளிலும் ஒரு கணம் ஒற்றி எடுப்பார்கள். தோல் சுருக்கென்று சுடும், சிவந்த தடம் நிற்கும். திருமண் இட்டு, அடியான் என்ற பெயர் கொடுத்து, மந்திரம் சொல்லி, திருவாராதனம் என்ற பெருமாள் பூஜை செய்யும் முறையையும் கற்றுக் கொடுத்து அனுப்புவார்கள். சம்பாவனை என்ற காணிக்கை அவரவர் சக்திக்கு ஏற்ப. அதற்காக யாரும் வங்கிக்கு அலைய வேண்டாம்.

18 நடை அப்புறம் வந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர், மந்திரத்தின் ஆழ்ந்த பொருளைக் கேட்டுத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் போனார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நடைக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நம்பி அவரைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பியது உண்மைதான். ஆனால் காசு கேட்டு அனுப்பவில்லை. இத்தனைக்கும் பிறகு, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையோடு பொருளைச் சொன்னார். ராமானுஜர் என்ன செய்தார்? கோயிலில் உயர ஏறி நின்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். குருவின் சொல்லை மீறியதற்கு நரகம் என்றால் அது எனக்கு ஒருவனுக்குத்தானே, இத்தனை பேர் கரையேறுவார்களே என்றார். கோபத்தோடு வந்த நம்பி அவரைக் கட்டிக்கொண்டு 'எம்பெருமானார்' என்று அழைத்தார். அதற்குப் பின் அந்தச் சம்பிரதாயத்தில் உபதேசம் பெற ஆசை ஒன்றே தகுதி என்றாகிவிட்டது. வாசலில் வேலி கட்டுகிறவர்கள், வேலியைப் பிரித்துப் போட்டவரைச் சாட்சிக்கு அழைப்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மந்திரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் மரபுகள் நம்மிடம் நிறைய உண்டு. அதில் தவறு இல்லை. உங்கள் தம்பி மந்திரத்தைச் சொல்லாமல் இருக்கட்டும், நீங்களும் கேட்காதீர்கள். எவ்வளவு பணம், யார் பெயரில் ரசீது, ராத்திரி எங்கே தங்குகிறார் என்பதெல்லாம் மந்திரம் இல்லை. அதை அம்மாவிடம் மறைக்கச் சொல்ல எந்த மரபும் துணைக்கு வராது.

புதியவரைச் சோதிப்பது தேவையே இல்லையா என்றால், தேவைதான். எப்படிச் சோதிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான முன்மாதிரி பௌத்தத் துறவியர் சங்கத்தின் விநயம் என்ற ஒழுக்க விதிகள். பிக்குவாக வருகிறவரிடம் கேட்கும் கேள்விகள் அப்படியே இருக்கின்றன. இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் இன்றும் பாலி மொழியில் கேட்கிறார்கள். தீராத நோய் உண்டா? நீ சுதந்திரமானவனா? கடன் இல்லாதவனா? அரச சேவகத்தில் இல்லையே? தாய் தந்தை அனுமதி தந்தார்களா? 20 வயது நிறைந்ததா? பிச்சைப் பாத்திரமும் சீவரம் என்ற துறவாடையும் இருக்கிறதா? உன் பெயர் என்ன, உன் உபாத்தியாயர் (உன்னைச் சேர்த்து வழிநடத்தும் குரு) பெயர் என்ன? ஆரம்பத்தில் இதைச் சபை நடுவே திடுதிப்பென்று கேட்டபோது, வந்தவர்கள் வெட்கத்தில் வாயடைத்து நின்றார்களாம். அதனால் முதலில் ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய், இன்னின்ன கேட்பார்கள், உண்மையைச் சொல், பயப்படாதே என்று சொல்லிக்கொடுத்து, பிறகு சபையில் கேளுங்கள் என்று விதி வந்தது. புதியவன் கூனிக் குறுகக்கூடாது என்று எவ்வளவு அக்கறை!

தாய் தந்தை அனுமதி என்ற கேள்வி எப்படி வந்தது தெரியுமா? கபிலவஸ்துவில் புத்தரின் மகன் ராகுலனையே சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். தாத்தா சுத்தோதனர் துடித்துப்போனார். மகன் போனான், இப்போது பேரனும் போனான், இந்த வலி இன்னொரு வீட்டுக்கு வேண்டாம், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள் என்று கேட்டார். புத்தர் ஏற்று விதியாக்கினார். வீட்டாரின் கண்ணீரை 'நம்பிக்கையின்மை' என்று அவர் ஒதுக்கவில்லை.

கடன் கேள்வியையும் பாருங்கள். உனக்குக் கடன் உண்டா, இருந்தால் தீர்த்துவிட்டு வா என்றது அந்தச் சங்கம். உங்கள் தம்பி போகும் இடமோ அவரைக் கடனாளியாக்கி அடுத்த வாசலைத் திறக்கிறது.

சேர்த்துக்கொண்ட பிறகும் பாதிச் சுமை குருவின் தலையில்தான். பத்து வருடம் பிக்குவாக இருந்தவர்தான் உபாத்தியாயர் ஆகலாம். சீடனுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது அவர் கடமை. உங்கள் தம்பிக்கு உடம்பு சரியில்லாதபோது அங்கிருந்து யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நாளந்தாவில் உபாலி என்ற செல்வந்தர், சமண மதத்தின் மகாவீரருடைய சீடர், புத்தரிடம் வாதம் செய்ய வந்து மனம் மாறி, என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றபோது, நன்றாக யோசித்துச் செய் என்றார் புத்தர். வேறு யாராவது இருந்தால் உபாலி எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று ஊர் முழுக்கக் கொடி பிடித்திருப்பார்களே என்று உபாலி வியந்தார். புத்தர் அதோடு விடவில்லை. இத்தனை காலம் உன் வீட்டில் உணவு பெற்ற சமணத் துறவிகளுக்குப் பிச்சையிடுவதை நிறுத்தாதே என்றும் சொன்னார். பழைய உறவுகளை அறுத்துக் காட்டு என்று கேட்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். தம்பியைக் கேலி செய்யாதீர்கள். அவருக்கு ஏதோ ஒரு நிம்மதி அங்கே கிடைத்திருக்கிறது, அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. "நாங்களும் ஒரு நாள் வருகிறோம்" என்று சொல்லி அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். வரவேற்று உட்காரவைக்கிறார்களா, வாசலிலேயே நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். அங்கிருந்து விலகிப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். நல்ல விதமாகப் பேசினால் கொஞ்சம் மூச்சு விடலாம். போனவன் நாசமாய்ப் போனான் என்கிற மாதிரி பேசினால் உங்கள் தம்பியும் அதைக் கேட்டுத்தான் பயந்துபோய் இருக்கிறார்.

அப்புறம், தம்பியே அவர்களிடம் ஒன்று கேட்கட்டும்: "பணம் இப்போது இல்லை. ஆறு மாதம் இங்கே சேவை செய்கிறேன், அதற்குள் சேர்ந்தால் தருகிறேன்." சரி, வா என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். இந்த மாதமே கட்டாவிட்டால் அருள் போய்விடும் என்றால், லோன் விண்ணப்பத்தை அன்றைக்கே திரும்ப வாங்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் யாரும் ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.