பெரிய இரும்புப் பரப்பின் பக்கத்தில் ஆண்டெனா: வாசகர் கேள்விகள்

பட்டர்வொர்த் வாசகர்: கப்பலின் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) ஆண்டெனாவை முழுக் கப்பலோடு சேர்த்து மொமென்ட் முறையில் (பரப்பைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் முறை) ஓட்டினால், நினைவகம் போதாமல் கணினி நின்றுவிடுகிறது. கப்பலைப் பாதியாக வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள் ஐயா. வெட்டிய இடத்தில் இல்லாத ஒரு விளிம்பு முளைக்கும்; அங்கே மின்னோட்டம் திரும்பி, கதிர்வீச்சுப் படத்தில் பொய்யான மேடுபள்ளங்களைக் காட்டும்.

கணினி ஏன் திணறுகிறது என்று பாருங்கள். கப்பல் வானொலியின் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 1.9 மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு பக்கமுள்ள முக்கோணங்களாகப் பிரித்தால், ஒரு சதுர அலைநீளத்துக்கு ஏறக்குறைய 350 தெரியாத மதிப்புகள். கப்பலின் வெளிப்பரப்பு 4,000 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 380,000. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் பாதிப்பதால், அந்தத் தொடர்புகளை எண்களாக அடுக்கிவைக்கும் அணி இந்த எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்கிறது: இரட்டைத் துல்லியத்தில் 2 டெராபைட்டைத் தாண்டும். அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் நினைவகம் 16 மடங்கு.

அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஆண்டெனா, அதைத் தாங்கும் கம்பம், அருகிலுள்ள கைப்பிடிக் கம்பிகள் ஆகியவற்றுக்கு மொமென்ட் முறை. கப்பலின் பக்கச் சுவர்களுக்கும் அறைகளின் பெரிய தகடுகளுக்கும் ஃபிசிக்கல் ஆப்டிக்ஸ் என்ற தோராய முறை. இப்படி இரண்டைச் சேர்ப்பதுதான் கலப்பு முறை. அலை நேரே படும் இடத்தில் அங்கு வந்து சேரும் காந்தப் புலத்திலிருந்தே மின்னோட்டம் கிடைத்துவிடும்; சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை. நிழலில் மின்னோட்டம் சுழி என்று அந்த முறை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அறைகளுக்குப் பின்புறம் வரும் எண்களை அப்படியே நம்பவேண்டாம். 16ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கானது. எந்தத் திசையில் அலை செத்துப்போகிறது என்பது ஓர் உயிர்ப் பிரச்சினை.

நிபோங் திபால் மாணவி: அலையைக் கதிர்களாக எடுத்துக் கணக்கிடும் யூடிடி முறைக்கு மெஷ்ஷே (பரப்பைத் துண்டுகளாக்கும் வலையே) வேண்டாமாமே, அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பரப்பு அலைநீளத்தைவிடப் பெரியதாகவும், தட்டையாகவோ உருளையாகவோ எளிய வடிவில் இருந்தால் தாராளமாக. அதிர்வெண் ஏறினாலும் நினைவகம் ஏறாது. கணிதவியலாளர் கெல்லர் 1962இல் வெளியிட்ட கதிர்க் கோட்பாட்டின் விடை நிழல் எல்லையில் முடிவிலிக்குப் போய்விடும். 1974இல் கூயூம்ஜியானும் பதக்கும் அதைச் சரிசெய்ததுதான் யூடிடி. ஆனால் அதே விஎச்எஃபில் 30 சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பம் அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பார்வைக்குப் பெரிய இரும்பு, அலைக்குச் சிறியது. அதை மொமென்ட் முறையிடமே விடம்மா.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்: தலைக்குப் பக்கத்தில் கைப்பேசி இருந்தால் எந்த முறை?

திசுக்கள் அடுக்கடுக்காக மாறும் உட்பகுதிக்கு எஃப்இஎம், அதாவது கனஅளவையே சிறு துண்டுகளாக்கிக் கணக்கிடும் முறை. வெளியே மொமென்ட் முறை. சுற்றியுள்ள காற்றுக்கு மெஷ் போடும் செலவு மிச்சம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: தொலைவிலுள்ள துண்டுகளைக் கூட்டமாகச் சேர்த்து மொமென்ட் முறையை வேகமாக்கும் எம்எல்எஃப்எம்எம் இருக்கும்போது கலப்பு முறை எதற்கு?

கணினி தாங்கினால் நான் எம்எல்எஃப்எம்எம்மைத்தான் தேர்வேன். அதில் நினைவகம் வர்க்கமாக வளர்வதில்லை; பரப்பு முழுவதுக்கும் துல்லியமும் குறையாது. ஆனால் குழிவான பகுதிகள் இருந்தால் தீர்வு ஒரு நிலையான விடைக்கு ஒருங்க நெடுநேரம் பிடிக்கும். பரப்பு நூறாயிரக்கணக்கான சதுர அலைநீளம் என்று போனால் கலப்பு முறைக்குத் திரும்பத்தான் வேண்டும்.

அதே வாசகர்: விடை சரி என்று எப்படித் தெரியும்?

இரண்டு சோதனை செய்யுங்கள். முழு மொமென்ட் முறை ஓடக்கூடிய தாழ்ந்த அதிர்வெண்ணில் அதன் விடையையும் கலப்பு முறையின் விடையையும் ஒப்பிடுங்கள். பிறகு உண்மையான அதிர்வெண்ணில், மொமென்ட் பகுதியை எல்லாப் பக்கமும் அரை அலைநீளம் விரித்து மறுபடி ஓட்டுங்கள். ஆண்டெனாவின் உள்ளீட்டு மின்மறுப்பு (அதன் முனையில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) நகர்ந்தால், இரு முறைகளுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை ஆண்டெனாவுக்கு மிக நெருக்கமாகப் போட்டிருக்கிறீர்கள். அது அசையாமல் நிற்கும்வரை விரித்துக்கொண்டே போங்கள்.