மாம்பழப் பெட்டியில் சுவர் அலமாரி

கேள்வி: சீசன் முடிந்து மூன்று மரப்பெட்டிகள் வீட்டில் கிடக்கின்றன. சுவர் அலமாரி ஆக்கலாமா? பெயின்ட் திட்டுத் திட்டாக நிற்கிறது.
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாக. முதலில் பெட்டியைச் செய்தித்தாள் மேல் தட்டிப் பாருங்கள். மாவு போல் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி. அந்தப் பெட்டி அடுப்புக்குத்தான். மற்றவற்றை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, துருத்தும் ஆணிகளைப் பிடுங்கி, 80 நம்பர் உப்புத்தாளாலும் பிறகு 120-ஆலும் தேயுங்கள்.

திட்டு விழக் காரணம், பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இல்லாதது. இந்த மரம் மென்மையானது, பெயின்ட்டைக் குடித்துவிடும். டர்பன்டைன் கொஞ்சம் கலந்த வுட் பிரைமர் ஒரு கை அடித்து, காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, எனாமல் இரண்டு கை.

மாட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெல்லிய பலகையில் நேராக ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். பின்புறம் குறுக்கே இரண்டு ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து, அதில் முன்கூட்டியே துளையிடுங்கள். சுவரில் 8 மி.மீ. துளை, பிளாஸ்டிக் பிளக். ரீப்பரின் கனம் போக 2 அங்குலமாவது ஸ்க்ரூ சுவருக்குள் இறங்க வேண்டும். குட்டை ஸ்க்ரூ சுவரின் சிமென்ட் பூச்சை மட்டும் பிடித்து, பூச்சோடு பெயர்ந்து வரும். சில்வர் பாத்திரம், பாட புத்தகம் போன்ற கனமானதெல்லாம் வேண்டாம். மசாலா டப்பா, சின்னச் செடி வைக்கலாம்.