வாசகர் கேள்வி – பதில்: எச்.ஐ.வி. கணக்குகளை எதை வைத்து நம்புவது?

கேள்வி: இத்தனை பேருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை, இத்தனை பேருக்குச் சிகிச்சை என்று ஒவ்வொரு நாடும் கணக்கு வெளியிடுகிறது. இந்தக் கணக்குகளைத் திரட்டும் தரவு மேலாண்மை அமைப்பு ஒழுங்காக இயங்குகிறதா என்பதை எப்படி மதிப்பிடுகிறார்கள்?
– பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவி, திருநெல்வேலி

பதில்: அறிக்கை உரிய தேதியில் வந்து சேர்ந்ததா, கணினி தடையின்றி இயங்குகிறதா என்று பார்ப்பதும் மதிப்பீட்டில் அடங்கும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அந்த மதிப்பீட்டால் பெரிய பயன் இல்லை. செவிலியர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு பேனாவால் நிரப்பும் பதிவேட்டில்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்தப் பதிவேட்டை மீண்டும் எண்ணி, கிடைக்கும் எண்ணும் தலைமையகத்துக்குப் போன எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதை முறையாகச் செய்து காட்டிய ஓர் ஆய்வு தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நடந்தது. முடிவுகள் 2009-இல் வெளியாயின. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் திட்டத்துக்கு இன்றியமையாத ஆறு விவரங்களை எடுத்துக்கொண்டு, மூன்று மாவட்டங்களில் 316 மருத்துவ நிலையங்கள் 12 மாதங்களில் அனுப்பிய அறிக்கைகளை ஆய்வாளர்கள் பார்வையிட்டார்கள். அவற்றுள் 99 நிலையங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மூன்று மாதக் கணக்கை மூலப் பதிவேடுகளிலிருந்து தாங்களே மீண்டும் எண்ணினார்கள். வர வேண்டிய விவரங்களில் 50.3 சதவீதம் மட்டுமே வந்திருந்தன. மறு எண்ணிக்கைக்கும் அறிக்கைக்கும் இடையே 10 சதவீதம் வரை வேறுபாடு இருந்தாலும் சரியானது என்றே ஏற்றுக்கொண்டார்கள், அப்படியும் 12.8 சதவீதம்தான் தேறியது. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்த எண்ணிக்கை ஓரளவு மேல், 19.8 சதவீதம் சரியாக இருந்தது. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையின் கணக்குக்குத்தான் கடைசி இடம்: 5.3 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணை நினைக்கும்போது மனம் பதைக்கிறது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் 15 முதல் 45 சதவீதக் குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்று வரக்கூடும். முறையான சிகிச்சை அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும். திட்டம் குழந்தைகளைக் காப்பாற்றுகிறதா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய எண்ணே நம்ப முடியாததாக இருந்திருக்கிறது.

பிழை எங்கே நுழைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மாதக் கடைசியில்தான். நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, செவிலியர் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள குறிகளை எண்ணிக் கூட்ட வேண்டியிருக்கிறது. முதல் முறை வந்தவர் யார், மறு பரிசோதனைக்கு வந்தவர் யார் என்பது அந்த அவசரத்தில் கலந்துவிடுகிறது. பரிசோதனையே நடக்காத மாதத்தில் பூஜ்யம் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால், வேலை நடக்கவில்லையா, அறிக்கை வரவில்லையா என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

அதே மாகாணத்தில் பின்னர் 78 நிலையங்களில் சீர்திருத்தம் செய்து பார்த்தார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி, மாதந்தோறும் எண்களை எல்லோரும் உட்கார்ந்து அலசும் கூட்டம், இடையிடையே பதிவேட்டுத் தணிக்கை, இவ்வளவுதான். முழுமை 26 சதவீதத்திலிருந்து 64 ஆகவும், துல்லியம் 37 சதவீதத்திலிருந்து 65 ஆகவும் உயர்ந்தன. எழுதுகிறவருக்கே அந்த எண் பயன்பட்டால் அவர் அதைக் கவனமாக எழுதுவார் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எந்த அமைப்பை மதிப்பிடப் போனாலும், போன மாத எண்ணைப் பார்த்து இந்த நிலையத்தில் என்ன மாற்றினீர்கள் என்று அங்கேயே கேட்க வேண்டும்.

கேள்வி: கணினியில் ஏற்றிய பிறகும் பதிவேட்டை வைத்திருக்கச் சொல்கிறார்கள். இது இரட்டை வேலை இல்லையா?
– ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) மைய ஊழியர், சேலம்

பதில்: இரட்டை வேலைதான், அந்தச் சுமையையும் மதிப்பீட்டில் கணக்கிட வேண்டும். ஆனால் சரிபார்க்க மூல ஆவணம் இல்லாத கணினிக் கணக்கு ஆபத்தானது. மலாவியில் சிகிச்சைத் திட்டம் 2004-இல் விரிவடையத் தொடங்கியபோது, சுகாதார அமைச்சின் குழுக்கள் காலாண்டுக்கு ஒரு முறை சிகிச்சை நிலையங்களுக்கு நேரில் போய், நோயாளி அட்டைகளை வைத்தே கணக்கைச் சரிபார்த்தன. தென்னாப்பிரிக்காவும் காகிதம், இணைப்பில்லாத கணினி, வலையமைப்பு என மூன்று அடுக்குகள் வைத்து, எந்த நிலையம் எதைத் தாங்குமோ அதை அங்கே அமைத்தது.

எச்.ஐ.வி. சேவைகளைப் பதிவு செய்யும் இந்தியாவின் 'சோச்' கணினி அமைப்பில் மொத்த எண்ணிக்கையோடு நில்லாமல் ஒவ்வொரு பயனாளியையும் தனியே பின்தொடர்கிறார்கள். எனவே அதை மதிப்பிடும்போது கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். சேலத்தில் மருந்து வாங்கியவர், மாற்றுக் கடிதம் இல்லாமல் சென்னையில் புதிதாகப் பதிந்துகொண்டால், அவர் சேலத்தில் சிகிச்சையை விட்டவராகவும் சென்னையில் புது நோயாளியாகவும் பதிவாகலாம். அமைப்பு இதைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் பெயர் கணினியில் இருப்பது பயமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கூடாது, சகோதரி. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், இத்தகைய விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்கும் ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. சட்டம் விலக்களிக்கும் சில சூழல்கள் தவிர, உங்கள் ஒப்புதலின்றி வெளியிடவும் கூடாது. உங்கள் மையத்தின் ஆலோசகரிடம், என் விவரத்தை யார் யார் திறந்து பார்க்க முடியும் என்று தயங்காமல் கேளுங்கள். கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொள்ளும் மையம், எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மதிப்பீட்டில் தோற்றதாகவே எழுதப்பட வேண்டும். இந்தப் பயத்துக்காக மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.