கண்ணாடி அறைக்குள் பேசினால் வெளியே கேட்குமா?

சின்ன அலுவலகங்களில் கண்ணாடித் தடுப்பு, ஸ்லைடிங் கதவு போடுவது பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

மஞ்சக்குப்பத்தில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறேன். மொத்தமும் ஒரே ஹால். கணக்குத் தாக்கல் நேரத்தில் இரண்டு கேபின் வேண்டும், மற்ற மாதங்களில் ஹாலாகவே இருந்தால் நல்லது. முழுக்கக் கண்ணாடி ஸ்லைடிங் போட்டுவிடலாமா?

போடலாம். ஆனால் உள்ளே ஒருவர் தன் வருமானத்தைச் சொல்லும்போது வெளியே பெஞ்சில் காத்திருப்பவருக்கும் கேட்கும். குறை கண்ணாடியில் இல்லை. 10 மி.மீ. கண்ணாடி பேச்சை ஓரளவு நன்றாகவே தடுக்கும். ஸ்லைடிங் கதவு உரசாமல் ஓட கீழேயும் பக்கத்திலும் சந்து விட்டாக வேண்டும், காற்று போகிற சந்தில் பேச்சும் போகும். கதவோரத்தில் பிரஷ் சீல் (சந்தை அடைக்கும் நார்ப் பட்டை) ஒட்டினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இன்னொரு ஓட்டை தலைக்கு மேலே இருக்கிறது. தடுப்பை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடுவார்கள். சத்தம் அதற்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். சீலிங்குக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவில் உள்ள இடத்தை இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து, உள்ளே ராக்வூல் (சத்தம் உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு) வைத்து மூடச் சொல்லுங்கள். கண்ணாடியின் தடிமனைக் கூட்டுவதைவிட இதில் பலன் அதிகம்.

நானாக இருந்தால் ஒரு கேபினை நிரந்தரமாக ஜிப்சம் சுவரும் கீல் கதவுமாகக் கட்டிவிடுவேன். ரகசியம் பேச அது. இன்னொன்றுக்கு மட்டும் மூன்று பலகை ஸ்லைடிங். இரண்டு பலகைகள் மூன்றாவதன் பின்னால் போய் ஒதுங்கிக்கொள்ளும், அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு திறந்துவிடும்.

எடையை மறக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 3 அடிக்கு 7 அடி, 10 மி.மீ. கதவு ஒன்றே கிட்டத்தட்ட 49 கிலோ வரும். டிராக்கைத் தாங்க தளத்திலிருந்து இறங்கும் இரும்பு ஃபிரேம் வேண்டும், சீலிங் கம்பிகள் போதாது. ஹாலுக்கு ஒரே ஏசி என்றால் அதையும் இப்போதே யோசியுங்கள். கதவைச் சாத்தியதும் ஏசி இல்லாத பக்கம் அடுப்பாகிவிடும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் எங்கள் டிராவல்ஸ் அலுவலகம். ஸ்லைடிங் கதவு போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கரகரவென்கிறது, ரோலர் துருப்பிடித்துவிட்டது. போட்டவர் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றுதான் சொன்னார்.

பொய் சொல்லியிருக்க மாட்டார். கடைகளில் அதிகம் கிடைக்கும் எஸ்.எஸ். 304 ரகம். உப்புக்காற்றில் அது பழுப்பேறும், போகப்போகப் பொடிப்பொடியாகக் குழி விழும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, எனவே பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள். ரோலரின் பேரிங்கையும் கேளுங்கள். வெளியே நைலான் சக்கரம் பளபளக்கும், உள்ளே சாதா இரும்பு பேரிங் இருக்கும். உங்கள் கதவிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டிராக்கில் எண்ணெய் விடாதீர்கள். மணலோடு சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். சிலிக்கான் ஸ்பிரே போதும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் இன்னும் நல்லது. 12 மி.மீ. கண்ணாடிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ரோலரில் பேரம் பேசுகிறார்கள். எனக்கு இது புரிந்ததே இல்லை. 10 மி.மீ. போட்டு மிச்சப் பணத்தை ரோலரில் போடுங்கள்.

கடலூரில் தரைத்தளம். டிராக் கீழேயா, மேலேயா?

மேலே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோது தண்ணீர் புகுந்த இடங்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடியும், கீழ் டிராக்கில் சேறு தங்கிவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தரையில் தடை இல்லாமலிருப்பது நல்லது.

வைசியாள் வீதியில் பழைய வீடு ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றுகிறோம். மர உத்தரத்தில் கண்ணாடிக் கதவுகளைத் தொங்கவிடலாமா?

வேண்டாம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் உத்தரத்தின் மேல் ஏற்கெனவே செங்கல்லும் சுண்ணாம்புமாக நல்ல பாரம் உட்கார்ந்திருக்கிறது. நூறு வருட மரத்தின் முனை சுவருக்குள் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஸ்குரூவும் நாளடைவில் ஆடிப்போகும். தரையில் நின்று தன் பாரத்தைத் தானே தாங்கும் இரும்புச் சட்டம் போட்டு, அதில் டிராக்கைப் பொருத்துங்கள். சுவரில் கைவைக்க வேண்டாம், பின்னால் கழற்றினாலும் வீடு பழையபடி இருக்கும். முற்றத்தைக் கண்ணாடியால் மூடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வீட்டின் மூச்சே அதுதான்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் டியூஷன் சென்டரில் இரவில் யாரும் இல்லாதபோது கண்ணாடி தானாக நொறுங்கிக் கிடந்தது. டஃபன்ட் கண்ணாடி என்றால் உடையாது என்றார்களே?

கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவேற்றுவதுதான் டஃபன்ட். சாதாக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலு உண்டு, உடையவே உடையாது என்பதில்லை. உடைந்தால் கத்தி போலக் கிழிக்காமல் கற்கண்டு போல உதிரும், பாதுகாப்பு அதில்தான். தானாக உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, பொருத்தியதில் கோளாறு: விளிம்பில் அடிபட்டிருக்கலாம், அல்லது இரும்பில் நேராக உரசிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துணுக்கு மெல்லப் பெருத்து ஒருநாள் வெடிக்கவைப்பது. ஹீட் சோக் சோதனை (சூட்டில் வைத்து, உடையக்கூடியதை முன்பே உடையவிடுவது) செய்த கண்ணாடி கேட்டால் இந்த இரண்டாவது ஆபத்து வெகுவாகக் குறையும். பிள்ளைகள் புழங்கும் இடம் என்பதால் இரண்டு கண்ணாடிகளை நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் போடச் சொல்வேன். உடைந்தாலும் நடுவிலுள்ள படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பேச்சுச் சத்தமும் கொஞ்சம் குறையும். பெரியவர்கள், பிள்ளைகள் இருவரின் கண் மட்டத்திலும் ஃபிராஸ்டட் பட்டை ஒட்டுங்கள். துடைத்து வைத்த கண்ணாடியில் முட்டிக்கொள்வது வேடிக்கையல்ல.

தொழிற்கூட அலுவலகத்தின் அவசர வழிக்கு ஸ்லைடிங் கதவு வைக்கலாமா?

கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு அந்த வழியில் ஸ்லைடிங்கை ஏற்பதில்லை. வெளிப்பக்கம் திறக்கும் கீல் கதவு வையுங்கள்.

போர் தண்ணீரில் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி வெள்ளை பூத்துவிட்டது.

வினிகர் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள். இனிமேல் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துத் துடைத்தால் போதும். அதில் உப்பு கிடையாது, காசும் கிடையாது.

வாடகைக் கட்டடம். காலி செய்யும்போது கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுபோய் வேறிடத்தில் போட முடியுமா?

முடியும், வெட்ட மட்டும் முடியாது. டஃபன்ட் ஆனபின் வெட்டினாலோ துளை போட்டாலோ நொறுங்கிவிடும். நானே ஒருமுறை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு அளவெடுத்துக் கொடுத்தேன். தரை உயர்ந்தது, கண்ணாடி நுழையவில்லை, ஆறு பலகைகளும் வீண். எனவே பலகைகளை எல்லாம் 7 அடி உயரத்தில் ஒரே அளவாகச் செய்யுங்கள். அதற்கு மேலே மிஞ்சும் உயரத்தை ஜிப்சம் போர்டால் அடைத்துவிடுங்கள். புது இடத்தில் சீலிங் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்தப் போர்டை மட்டும் மாற்றினால் போதும்.