இருபது பைட் பேக்கப்

வணக்கம் அண்ணா,

சிறிய நிறுவனம் ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். போன வாரம் ராத்திரி, டெஸ்ட் சர்வர் என்று நினைத்து, நிஜ வேலை நடக்கும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் ஒரு டேபிளை அழித்துவிட்டேன். பேக்கப்பை எடுக்கப் போனால் மூன்று மாதமாக எல்லாமே 20 பைட் ஃபைல்கள். பழைய எக்செல்களை வைத்துப் பாதியைத்தான் மீட்க முடிந்தது. “கவனம் இல்லாதவனுக்கு எதுக்கு இந்த வேலை” என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். வேலையை விட்டுவிடலாமா?

ர., கோவை

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். 2017 ஜனவரி 31 இரவு மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்க இணையத்தில் இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததும் இதுதான். தடுமாறிக்கொண்டிருந்த இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரின் டேட்டாவைத் துடைக்கப் போன பொறியாளர், அதே கமாண்டை முதல் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப்? அது போய்ச் சேர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பேக்கப் எடுக்கும் நிரல் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.2 பதிப்பு, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸோ 9.6, அதனால் தினமும் தோற்றது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டேட்டாவின் அந்த நேரத்து நகல். எடுத்தவர் யார் தெரியுமா? அழித்த அதே மனிதர். நிறுவனத்தின் அறிக்கையில் அவர் வெறும் ‘குழு உறுப்பினர் 1’.

உங்கள் 20 பைட்டுக்கு வருகிறேன். வெறுமையை ஜிசிப் என்ற ஃபைல் சுருக்கும் நிரலில் கொடுத்தால் வருகிற அளவு அது. டேட்டாபேஸை ஃபைலாகக் கொட்டும் டம்ப் கமாண்ட் தோற்றுப்போயிருக்கும். பைப்புக்கு (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் இணைப்பு) அந்தப் பக்கம் இருந்த ஜிசிப் ஒன்றுமில்லாததைச் சுருக்கி வைத்துவிட்டு ‘வெற்றி’ என்று சொல்லியிருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானும் நம்பிவிட்டது. ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயிலைப் போடுங்கள், பைப்பில் எது தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் காட்டும். ஃபைல் அளவு நேற்றையதைவிடச் சட்டென்று குறைந்தால் அலர்ட் வரட்டும்.

அதெல்லாம் போதாது. மாதம் ஒரு நாள், தனி மெஷினில் அந்த பேக்கப்பை ரெஸ்டோர் செய்து, கடைசி ஆர்டர் எந்தத் தேதி என்று ஒரு குவெரி ஓட்டிப் பாருங்கள். மூன்று மாதமாக இதை யாரும் பார்க்கவில்லை என்றால் அதில் உங்கள் மேனேஜருக்கும் பங்கு உண்டு. (மீட்டிங்கில் சொல்லிவிடாதீர்கள். நடந்ததை நேரவாரியாக எழுதிக் கொடுங்கள், அவருக்கே புரியும்.)

அப்புறம், கமாண்ட் தட்டும் என் டெர்மினலில் புரொடக்‌ஷன் என்றால் பின்னணியே சிவப்பு. பார்க்கச் சகிக்காது, இருக்கட்டும். நானும் ஒருமுறை தப்பான டெர்மினல் டேபில் என்டர் தட்டியவன்தான்.

இந்த வாரமே ஒரு ரெஸ்டோர் செய்து பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.