கணவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கலாமா? ரெண்டு பேர் வீட்லயும் எதிர்க்கிறாங்க, என்ன செய்ய?

ரெண்டாவது குழந்தையும் பிறந்தாச்சு, உங்க வீட்டுக்காரர் தானே ஆபரேஷன் பண்ணிக்கிறேங்கிறார், மாமியாரும் உங்க அம்மாவும் ஒண்ணு சேந்து கூடாதுங்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. கூட்டுக் குடும்பம்னு நெனைக்கிறேன். எங்க வீட்லயும் இதே கூத்துதான், அதான் படிச்சிட்டு சும்மா போக முடியல. நான் டாக்டரும் இல்ல, ஆம்பளைங்கள திட்டறதே வேலையா இருக்கிற ஆளும் இல்ல, கமெண்ட்ல வந்து ஆரம்பிக்காதீங்க.

எனக்கு ரெண்டாவது பிரசவத்தப்ப ரத்தம் ரொம்ப கம்மி, ரெண்டு பாட்டில் ஏத்தித்தான் ஆளே எழுந்து உக்காந்தேன். அந்த நெலமையிலயே நர்ஸம்மா ஃபார்மோட வந்து "ரெண்டாச்சுல்ல, அப்படியே கு.க. பண்ணிக்கிட்டு போயிரு"ங்கறாங்க. நல்லவேளை பெரிய டாக்டர் வந்து இப்ப வேண்டாம், ரத்தம் ஏறட்டும், ஆறு வாரம் கழிச்சு பாப்போம்னுட்டார். எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர், திருச்செங்கோடு பக்கம் பாதி ஆம்பளைங்க லாரி இல்லன்னா போர்வெல் போடற ரிக்கு வண்டிதான். அவரு "இவ உடம்பு தேறி எப்ப பண்றது, நானே போயி பண்ணிட்டு வந்தர்றேன்"னு ஒரே வார்த்தையில சொல்லிட்டார்.

அவ்வளவுதான், அத்தை அழுது ஆர்ப்பாட்டம். "பாரம் ஏத்தி எறக்கி பொழைக்கிற புள்ள, அவன் இடுப்புல தெம்பு போயிட்டா குடும்பத்த யாரு பாக்கறது"ன்னு. நான் தீவன மூட்டை எறக்கறதும் தண்ணி கொடம் சொமக்கறதும் பாரத்துல சேராது போல. அத்தையவும் முழுசா தப்பு சொல்ல மாட்டேன், எமர்ஜென்சி காலத்த பாத்தவங்க. 1976-77ல ஒரே வருஷத்துல நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல ஆபரேஷன், அதுல முக்காவாசி ஆம்பளைங்க, வடக்க எல்லாம் புடிச்சுட்டுப் போயி பண்ணாங்க. அந்தப் பயத்துல ஆம்பளைங்க ஓட, ஓட்டுக்கு பயந்து கவர்மெண்டும் பொம்பளைங்க பக்கம் திரும்பிடுச்சு, இன்னிக்கு வரைக்கும் அங்கயேதான் நிக்குது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுக் கணக்க பாருங்க, கல்யாணமான பொம்பளைங்கள்ல 100க்கு 58 பேர் கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, புருஷன் பண்ணிக்கிட்டது 0.1 சதவீதம். அதாவது ஆயிரத்துல ஒரு வீடு.

ஆனா எனக்கு தூக்கம் போனது அத்தை பேச்சால இல்ல, எங்கம்மா பேச்சால. ராத்திரி குழந்தைக்கு பால் குடுத்துட்டு இருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்து மெதுவா சொல்லுது, "உனக்கு பண்ணி தவறிப் போச்சுன்னா ஆபரேஷன் ஃபெயிலும்பாங்க. அவருக்கு பண்ணி நீ நாளைக்கு உண்டானா ஊரு என்ன பேசும்?" இதுதாங்க விஷயமே. வெளிய எல்லாரும் தெம்பு, பாரம்னு பேசுவாங்க, உள்ளுக்குள்ள பொம்பளைங்களே தானா போயி டேபிள்ல படுக்கறது இந்தப் பயத்துலதான். என் தோழிகள்ட்ட கேட்டேன், ஒருத்தி விடாம இதையேதான் சொன்னா.

அப்புறம் போனோம். பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல பண்றதில்ல, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு போகச் சொல்லிட்டாங்க. கவுண்டர்ல இருந்த அம்மா சீட்ட வாங்கிட்டு என்னையே பாத்து "கடைசியா எப்ப குளிச்ச"ன்னு மாதவிலக்கு தேதிய எழுத ஆரம்பிச்சிடுச்சு. இவரு "எனக்குங்க"ங்கறார், அந்தம்மாவுக்கு வெளங்கவே இல்ல. "பேஷண்ட் நான்தானுங்க"ன்னதும் பேனாவ வெச்சுட்டு உள்ள யாரையோ கூப்பிட போயிடுச்சு. ஆபரேஷன் அரை மணி நேரம் கூட இல்ல, மரத்துப் போற ஊசி, சின்னதா ஒரு ஓட்டை, தையலே கிடையாது. சாயங்காலம் வீட்ல உக்காந்து டீ குடிச்சார். ஒரு வாரம் பாரம் தூக்காம இருந்தார், திரும்பவும் லாரி ஏறிட்டார். ஆம்பளைத்தன்மைக்கு ஒண்ணும் ஆகாது, விந்தணு வர்ற குழாய மட்டும்தான் கட் பண்றாங்க, ஹார்மோன் ரத்தத்துல போறது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டர் படம் போட்டு காட்டினார்.

ஆஸ்பத்திரின்னதும் ஞாபகம் வருது, கேள்விக்கு சம்பந்தமில்ல, பரவால்ல சொல்லிடறேன். என் பிரசவம் நடந்த இடத்துல, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், குழந்தைய தொடச்சு கையில குடுக்கறதுக்கு ரேட்டு. பையன்னா இவ்ளோ, பொண்ணுன்னா கொஞ்சம் கம்மி. எனக்கு ரெண்டும் பொண்ணு, "சரி விடு, உனக்கு பொண்ணுதான, குடுக்கறத குடு"ன்னு என்னமோ எனக்கு சலுகை பண்ற மாதிரி. பக்கத்து பெட்ல பையன் பொறந்த வீட்ல கடன் வாங்கிக் குடுத்தாங்க. பிரசவத்துக்கு கவர்மெண்டு குடுக்கற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற காசுல பாதி இப்படியே போகுதுன்னா யாரு கேக்கறது. நல்ல நர்ஸுங்களும் இருக்காங்க, எனக்கு ரத்தம் ஏத்தறப்ப ராத்திரி முழுக்க கூடவே இருந்தவங்களும் அதே ஆஸ்பத்திரிதான், அதனால எல்லாரையும் சொன்னதா எடுத்துக்க வேண்டாம்.

சரி உங்க விஷயத்துக்கு வர்றேன். சட்டப்படி கணவன் மனைவி ஒருத்தர் ஆபரேஷனுக்கு இன்னொருத்தர் கையெழுத்து போடணும்னு இல்ல, மாமியார் சம்மதம்லாம் கேக்கவே மாட்டாங்க. நவம்பர் 21லருந்து டிசம்பர் 4 வரைக்கும் ஆண்களுக்கான இருவார முகாம் நடத்துவாங்க, மத்த நாள்லயும் மாவட்ட ஆஸ்பத்திரியில விசாரிங்க. முக்கியமானது, பண்ணின உடனே பலிக்காது, மூணு மாசம் காண்டம் போட்டே ஆகணும். ஃபெயிலுன்னு ஊர்ல சொல்றதுல நெறைய இந்த மூணு மாசத்துல வர்றதுதான். அது முடிஞ்சு விந்து டெஸ்ட் எடுத்து, அணு இல்லன்னு எழுத்துல வாங்கணும். எங்க வீட்டுக்காரர் சோம்பேறித்தனம் பண்ணார், நான்தான் இழுத்துட்டு போனேன். லேப்ல இருந்த பையன் "ஏண்ணா, குழந்தை இல்லையா"ன்னு பாவமா கேட்டான், இடுப்புல சின்னவள வெச்சுட்டு நான் நிக்கறேன்! அந்த ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி ரேஷன் கார்டு கூட வெச்சிருக்கேன், எங்கம்மாட்டயும் ஒரு ஜெராக்ஸ் குடுத்தேன். நீங்களும் வாங்கிடுங்க.