பள்ளியில் தெரபி: வாசகர் கேள்விகள்

என் மகனுக்குப் பள்ளியிலேயே வாரம் அரை மணி நேரம் ஸ்பீச் தெரபி. ஆறு மாதமாகியும் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்கிறார் ஆசிரியர். தெரபிஸ்டை மாற்றவா?

அவசரப்படாதீர்கள். முதலில் இந்தப் பருவத்துக்கான இலக்கு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 'பேச்சு முன்னேற வேண்டும்' என்று எழுதியிருந்தால் அது இலக்கே இல்லை. 'வேண்டியதைத் தானாக ஒரு சொல்லில் கேட்பான், பத்துக்கு எட்டு முறை' என்றால், அதை நீங்களும் எண்ணிப் பார்க்கலாம்.

அப்புறம், அந்த அரை மணி நேரம் எங்கே நடக்கிறது? தனி அறையில் அழகாகப் பேசும் பிள்ளை வகுப்புக்குப் போனதும் மௌனமாவது சகஜம். என்னிடம் வந்த ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். ஆசிரியரும் பாசத்தோடு மூடியைத் திறந்து கொடுத்துவிடுவார். பேச வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை! மூடியில் கையை வைத்தபடி, அவன் முகத்தைப் பார்த்து ஐந்து விநாடி காத்திருக்கச் சொன்னோம். மூன்றாவது வாரம் 'திற' என்றான். அறைக்குள் பல மாதம் நாங்கள் செய்ததைவிட அந்த ஐந்து விநாடி அதிகம் செய்தது. அதனால் தெரபிஸ்டையும் ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அதற்குத் தெரபிஸ்ட் மறுத்தால், அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னும் பேச்சு வராத என் மகளை, வேண்டியதைப் படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கினால், பேசவே மாட்டாளோ?

மாட்டாள் என்ற பயம் வேண்டாம். படம், டேப்லெட் போன்றவற்றால் பேச்சு குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பல குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடவே செய்கிறது. ஒன்று மட்டும்: அட்டைகள் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அலமாரியில் பூட்டி வைத்தால் அவள் வாயைப் பூட்டியது போலத்தான்.

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்கு நிறக் கண்ணாடி, கண் பயிற்சி என்கிறார்களே?

பணத்தை மிச்சப்படுத்துங்கள். இவற்றுக்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டன. பார்வைக் குறை இருக்கிறதா என்று சோதிப்பது வேறு, அதைச் செய்யுங்கள். டிஸ்லெக்சியாவில் சிக்கல் பெரும்பாலும் ஒலிகளைப் பிரித்துச் சேர்ப்பதில்தான். 'கலைமானில் கலையை எடுத்தால் என்ன மிச்சம்?' என்ற கேள்வியிலேயே தடுமாறுவார்கள். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர்தான் தேவை.

எட்டு வயது மகள் மிக மெதுவாக எழுதுகிறாள், கை வலிக்கிறது என்கிறாள். ஆக்குபேஷனல் தெரபி (எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) வேண்டுமா?

வேண்டியிருக்கலாம். அதற்கு முன் நாற்காலியைப் பாருங்கள்: பாதம் தரையில் படுகிறதா, மேசை முழங்கை உயரத்தில் இருக்கிறதா? கால் தொங்கினால் உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதற்கே பாதி சக்தி போய்விடும். காலடியில் ஒரு பலகை போட்டுப் பாருங்கள். பிறகும் வலித்தால் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். அதுவரை சில பதில்களை வாயால் சொல்ல அனுமதி கேளுங்கள்; அவளுக்குப் பாடம் தெரியுமா என்பதுதானே கேள்வி.

நான் ஆசிரியை. செவித்துணைக் கருவி போட்ட மாணவனை முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. ஓரிரு மீட்டரைத் தாண்டினால் கருவிக்கு உங்கள் குரலும் நாற்காலி இழுபடும் சத்தமும் ஒன்றுதான். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். சட்டையில் மாட்டும் ரிமோட் மைக் கிடைக்குமா என்று அவனுடைய ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள். குரல் நேரே அவன் காதுக்குப் போகும். வகுப்பு முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், ஆசிரியர் அறைப் பேச்சும் அவனுக்குக் கேட்டுவிடப் போகிறது!